ஊர்ச் சர்ச் சுவரில் ஏன் இத்தனை பெயர்கள்? இங்கிலாந்தின் போர் நினைவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் அங்கே ஒரு பழைய சர்ச் இருக்கும். உள்ளே போனால் ஏதோ ஒரு சுவரில் பெயர்ப் பட்டியல் கண்ணில் படும். மேலே 1914–1918 என்று போட்டிருக்கும்; கீழே நிறம் மங்கிய பாப்பி வளையம் ஒன்றைச் சாய்த்து வைத்திருப்பார்கள் (போரில் இறந்தவர்களின் நினைவாக வைக்கும் சிவப்புப் பூ அது). வேலைக்கும் படிப்புக்கும் வந்த நம்மவர்கள் இதைப் பற்றி என்னிடம் நிறையக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பேச்சு பெரும்பாலும் இங்கிலாந்துத் திருச்சபையின் ஊர்த் தேவாலயங்களைப் பற்றியது. நம்மூர் சி.எஸ்.ஐ. சபையினர் ‘சேகரம்’ என்று சொல்வதை, அதாவது ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் வட்டாரத்தை, ஏறக்குறைய இதற்கு இணையாக வைத்துக்கொள்ளலாம்.

சின்ன ஊர், ஆனால் பலகையில் இருபது முப்பது பெயர்கள். எப்படி?

முதல் உலகப் போரில் பிரிட்டன் மட்டும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களை இழந்தது. அதற்கு முந்தைய போர்களுக்குச் சம்பளத்துக்குச் சேர்ந்த சிறிய படைதான் போனது. 1914இல் லட்சக்கணக்கானோர் தாங்களாகவே பெயர் கொடுத்தார்கள். 1916 தொடக்கத்தில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டமும் வந்தது. ஏர் ஓட்டியவர், குதிரைக்கு லாடம் அடித்தவர், பங்களாவில் தோட்ட வேலை செய்தவர், பாதிரியாரின் மகன் என்று எல்லா வீட்டிலிருந்தும் ஆள் போனது. ஒரே பகுதிக்காரர்களைத் திரட்டி ஒரே பட்டாளமாக அனுப்பும் வழக்கமும் இருந்தது. அதனால் ஒரு காலைச் சண்டையில் ஒரு தெரு முழுவதும் துக்க வீடாகிவிடும். பிரான்ஸில் நடந்த சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று மட்டும் பிரிட்டிஷ் படையில் 19,240 பேர் இறந்தார்கள்.

பலகையில் ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வருகிறதா என்று பாருங்கள். அநேகமாக அண்ணன் தம்பிகளாகவோ, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளாகவோ இருப்பார்கள்.

போனவர்கள் எல்லாரும் உயிரோடு திரும்பிய ஊர்களும் உண்டு. 1930களில் ஆர்தர் மீ என்ற எழுத்தாளர் அவற்றை ‘நன்றியுள்ள கிராமங்கள்’ என்று அழைத்தார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஐம்பது சொச்சம்தான் தேறின. க்ளாஸ்டர்ஷயரில் இருக்கும் அப்பர் ஸ்லாட்டர் இரண்டு உலகப் போர்களிலும் அப்படித் தப்பிய ஊர்.

இறந்தவர்களை அந்தச் சர்ச்சிலேயே புதைத்திருக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. இந்தப் பலகைகளைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதே இதுதான்.

போர் தொடங்கிய புதிதில் செல்வாக்குள்ள சில குடும்பங்கள் பிள்ளையின் உடலை பிரான்ஸிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்தன. 1915 ஏப்ரலில் வில்லியம் கிளாட்ஸ்டன் என்ற இளம் அதிகாரி சுடப்பட்டு இறந்தார். முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன்; அவரே நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. சிறப்பு அனுமதி வாங்கி அவர் உடலை வேல்ஸின் ஹாவர்டனுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு யார் அனுமதி வாங்கித் தருவார்கள்? அதற்குப் பிறகு உடல்களைத் தோண்டி ஊருக்குக் கொண்டுபோவதை ராணுவம் தடை செய்தது. போர் முடிந்த பின்னும் தடை விலகவில்லை. பெற்றோர்கள் சங்கம் அமைத்து மனு மேல் மனு கொடுத்தார்கள். பலன் இல்லை.

1917இல் இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையம் ஏற்படுத்தப்பட்டது. இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அதுதான். தளபதி, சிப்பாய் என்ற பேதம் இல்லாமல் எல்லாருக்கும் ஒரே அளவுக் கல் என்று அது முடிவு செய்தது. குடும்பம் விரும்பினால் கல்லின் அடியில் ஒரு வரி சேர்க்கலாம், 66 எழுத்துகளுக்குள். ‘எங்கள் பிள்ளையின் கல்லறை எப்படி இருக்க வேண்டும் என்று அரசாங்கம் எப்படிச் சொல்லலாம்?’ என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. எக்ஸிடர் பேராயரின் மனைவி ஃப்ளாரன்ஸ் செசில் மூன்று மகன்களைப் போரில் கொடுத்தவர். கல்லறைக்குச் சிலுவையாவது வைக்க விடுங்கள் என்று ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துடன் அவர் மனு கொடுத்தார். 1920 மே மாதம் நாடாளுமன்றத்தில் நீண்ட விவாதம் நடந்தது. கடைசியில் ஆணையத்தின் முடிவுதான் நின்றது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு பார்க்கும்போது அது நியாயமான முடிவு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் அந்தத் தாய்மார்களின் கோபத்தைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கல்லறையே இல்லாதவர்கள் வேறு. பெல்ஜியத்தின் மெனின் கேட்டில் 54,000க்கும் மேற்பட்ட பெயர்கள், பிரான்ஸின் தியெப்வால் நினைவுச் சின்னத்தில் 72,000க்கும் மேற்பட்ட பெயர்கள். எல்லாம் உடல் கிடைக்காதவர்களுடையவை, அல்லது கிடைத்தும் யாரென்று தெரியாமல் போனவர்களுடையவை. பண்ணைக்கூலிக்குப் போய் வயிறு கழுவிய ஒரு அம்மா கடல் கடந்து போய் அதைப் பார்த்துவிட்டு வருவது நடக்கிற காரியமா? அவளுக்குப் பூ வைக்க ஊர்ச் சர்ச் சுவர்தான் இருந்தது. அதனால்தான் இந்தப் பலகைகளைக் கல்லறைக்குச் சமமாகப் பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

பணமும் புகழும் இருந்தவர்களுக்கும் இதே கதிதான். எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங்கின் ஒரே மகன் ஜான் 1915 செப்டம்பரில் லூஸ் போரில் காணாமல் போனான். வயது 18. சஸெக்ஸில் அவர்கள் வாழ்ந்த பர்வாஷ் ஊரின் சர்ச்சில் ஜானுக்கு ஒரு வெண்கலத் தகடு இருக்கிறது. மகனின் உடல் எங்கே கிடக்கிறது என்று தெரியாமலேயே 1936இல் கிப்ளிங் இறந்துபோனார். அடையாளம் தெரியாதவர்களின் கல்லறைகளில் ‘கடவுளுக்குத் தெரிந்தவர்’ என்று பொருள்படும் வரியைப் பொறிக்கச் சொன்னவர் அவர்தான்.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கும் பெயர் தெரியாத வீரரின் கல்லறையும் ஒரு சேகரக் குருவின் யோசனையில் வந்தது. டேவிட் ரெயில்ட்டன் போர்முனையில் படைக்குருவாக இருந்தவர். 1916இல் ஆர்மெந்தியர் பக்கம் ஒரு தோட்டத்தில், யாரென்று தெரியாத சிப்பாய் ஒருவருக்கு நட்ட மரச்சிலுவையைப் பார்த்தார். பின்னாளில் மார்கேட் ஊரின் குருவாக இருந்தபோது, அப்படி ஒருவரை எல்லார் பெயராலும் நாட்டுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்யலாமே என்று 1920இல் அபேயின் தலைமைக் குருவான டீனுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டு நவம்பர் 11 அன்றே அது நடந்தது. உடலைக் காணாத எந்தத் தாயும், அது தன் மகனாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ள முடிந்தது.

பெயர்கள் ஏன் அகரவரிசையில் இருக்கின்றன? பதவி போட வேண்டாமா?

சில ஊர்களில் பதவிப்படி எழுதியிருப்பார்கள், சில ஊர்களில் இறந்த தேதிப்படி. பதவியே இல்லாமல் அகரவரிசையில் எழுதிய பலகைகள் ஏராளம். பண்ணையாரின் மகனும் அவர் குதிரைக்குப் புல் போட்ட பையனும் அடுத்தடுத்த வரியில் வருவார்கள். அதே சர்ச்சில் அடுத்த சுவரைப் பாருங்கள்: பழைய காலத்துப் பிரபுக்களுக்குப் பளிங்கில் பக்கம் பக்கமாகப் புகழ் எழுதியிருக்கும், ஏழைகளுக்கு ஒரு எழுத்துகூட இருக்காது. ஊரின் எளிய மனிதர்கள் முதல்முறையாகப் பெயரோடு சர்ச் சுவரில் ஏறியது இப்படித்தான். 1899 முதல் 1902 வரை நடந்த தென்னாப்பிரிக்கப் போருக்குப் பிறகு அது கொஞ்சம் தொடங்கியது. 1918க்குப் பிறகு நாடு முழுக்கப் பரவியது.

நடுகல்லில் ‘பெயரும் பீடும் எழுதி’ வைத்ததாக அகநானூறு சொல்லும். இந்தப் பலகைகளில் பீடு இல்லை, பெயர் மட்டும்தான். இன்னார் இத்தனை பேரைக் கொன்றார், இன்ன கோட்டையைப் பிடித்தார் என்று எதுவும் கிடையாது. என் மனத்தைத் தொடுவது அந்த அடக்கம்தான்.

சமத்துவம் எல்லா இடத்திலும் முழுமையாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். சாமர்செட்டில் மெல்ஸ் என்ற ஊர். அங்கே புனித அந்திரேயா ஆலயத்துக்குள் எட்வர்ட் ஹார்னர் என்ற அதிகாரி குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலை இருக்கிறது. ஊர்ப் பெரிய வீட்டின் வாரிசு. 1917 நவம்பரில் கேம்ப்ரே போரில் இறந்தவர். சிலையைச் செய்தவர் ஆல்ஃப்ரெட் மன்னிங்ஸ், பீடத்தை வடிவமைத்தவர் புது டெல்லியின் கட்டடக்கலைஞர் எட்வின் லட்யன்ஸ். அதே சர்ச்சில் அன்றைய பிரதமரின் மகன் ரேமண்ட் ஆஸ்க்வித்துக்கும் நினைவுக் கல்வெட்டு உண்டு. ஊரின் மற்றப் பிள்ளைகளின் பெயர்கள் வெளியே, தெருவோரம் லட்யன்ஸ் அமைத்த தூணருகே இருக்கின்றன. மெல்ஸுக்குப் போகிறவர்கள் இரண்டையும் பார்க்க வேண்டும். அந்தக் குதிரைச் சிலையின் பீடத்தில் ஒரு சாதாரண மரச்சிலுவை பொருத்தப்பட்டிருக்கிறது. பிரான்ஸில் ஹார்னரின் கல்லறைமேல் முதலில் நட்டிருந்தது அது.

அப்படிப்பட்ட மரச்சிலுவைகளை வேறு சர்ச்சுகளிலும் பார்த்தேன். அவை எப்படி வந்தன?

போர்க்களத்தில் அவசரமாகப் புதைத்தபோது மரச்சிலுவை நட்டு, பெயரைத் தகரப் பட்டையில் அடித்து ஆணி வைத்தார்கள். 1920களில் அவற்றை எடுத்துவிட்டுக் கல் வைத்தபோது, வேண்டுமென்றால் சிலுவையைப் பெற்றுக்கொள்ளலாம் என்று குடும்பங்களிடம் சொன்னார்கள். வாங்கியவர்களில் பலர் வீட்டில் வைக்க மனமில்லாமல் சர்ச்சில் கொடுத்தார்கள். சிலவற்றின் அடிப்பகுதியில் கறை இன்னும் தெரியும். அது பிரான்ஸின் மண். சர்ச்சில் இருக்கும் எல்லா நினைவுப் பொருள்களிலும் இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். பல ஊர்களில் மணிக்கூண்டின் மூலையில், துடைப்பத்துக்குப் பக்கத்தில், பூச்சி அரித்துக் கிடக்கின்றன. உங்கள் ஊர்ச் சர்ச்சில் அப்படி ஒன்று இருந்தால் தயவுசெய்து சர்ச்சின் பொறுப்பாளரான வார்டனிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

பலகையைத் தவிர வேறு எப்படியெல்லாம் நினைவு வைத்தார்கள்?

வண்ணக்கண்ணாடி ஜன்னல், ஆர்கன், மணி, கோபுரக் கடிகாரம், சர்ச் வாசலில் கூரை போட்ட மர வளைவு. எதைச் செய்வது என்று ஊர்க்கூட்டத்தில் சண்டையே நடக்கும். சாமானியருக்குப் பயன்படும்படி ஊர்மண்டபமோ விளையாட்டுத் திடலோ செய்யலாம் என்பார் ஒருவர். பயன்பாட்டைப் பார்த்தால் நினைவு மறைந்துபோகும் என்பார் இன்னொருவர்.

மேலே கந்தலாகத் தொங்கும் கொடிகள் பட்டாளக் கொடிகள். பணி முடிந்ததும் அவற்றைச் சர்ச்சில் ஒப்படைப்பார்கள். தானாக நைந்து உதிரும்வரை அப்படியே விட்டுவைப்பதுதான் பழைய மரபு.

1914–1919 என்று சில இடங்களில் இருக்கிறதே, தவறா?

தவறில்லை. 1918 நவம்பர் 11 அன்று சண்டை நின்றது. சமாதான ஒப்பந்தம் வெர்சாயில் 1919 ஜூன் 28 அன்றுதான் கையெழுத்தானது. எந்த ஆண்டைப் போடுவது என்பதை அந்தந்த ஊர் முடிவு செய்தது. காயத்தாலும் நோயாலும் பின்னால் இறந்தவர்களும் உண்டு. போர்க் கல்லறை ஆணையம் 1921 ஆகஸ்ட் 31 வரை நிகழ்ந்த அத்தகைய இறப்புகளைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

யாருடைய பெயரைச் சேர்ப்பது என்று யார் முடிவு செய்தார்கள்?

அரசாங்கம் இதில் தலையிடவில்லை. ஊர்க்காரர்களே குழு அமைத்து, காசு வசூலித்து, வீடு வீடாகக் கேட்டுப் பட்டியல் போட்டார்கள். பிறந்த ஊரா, வேலை பார்த்த ஊரா, பெற்றோர் இருக்கும் ஊரா என்பதற்கு விதி எதுவும் கிடையாது. ஆகவே ஒருவர் பெயர் இரண்டு மூன்று ஊர்களில் இருக்கலாம், எங்குமே இல்லாமலும் போகலாம். மகன் உயிரோடு வருவான் என்று நம்பிய சில குடும்பங்கள் பெயர் கொடுக்க மறுத்தன.

சபை வேறுபாடும் இருந்தது. மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபையார் ‘எங்கள் பிள்ளையின் பெயர் உங்கள் சர்ச்சுக்குள் எதற்கு?’ என்று கேட்டார்கள். ஊர் நடுவே தனியாகச் சிலுவைத் தூண் நிற்கும் இடங்களில் பல நேரம் இந்த விவாதம்தான் காரணம். இறந்தவர்களுக்காக ஜெபிப்பதே புராட்டஸ்டண்ட் வழக்கம் அல்ல என்று கண்டித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் போர் நடந்துகொண்டிருந்தபோதே லண்டன் ஹாக்னியின் ஏழைத் தெருக்களில் மக்கள் சுவரில் பெயர்ப் பலகை மாட்டி, பூ வைத்துத் தெருக்கோயில் போல வைத்துவிட்டார்கள். 1916இல் ராணி மேரியே வந்து பார்த்தார். துக்கம் பெருகியபோது சபை விதிகள் கொஞ்சம் வழி விட்டன.

விட்டுப்போன பெயர்களை இப்போது சேர்க்க முடியுமா?

முடியும், நேரம் ஆகும். சர்ச்சுக்குள் ஒரு ஆணி அடிக்கவே மறைமாவட்டத்தின் அனுமதி ஆணை வேண்டும், ‘ஃபேகல்டி’ என்பார்கள். சான்றுகளோடு சேகரக் குழுவிடம் முதலில் பேசுங்கள்.

இதில் மிகக் கடினமான விஷயம், சொந்தப் படையாலேயே சுடப்பட்டவர்கள். ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுடப்பட்டு, பின்னர் 2006இல் சட்டத்தின் மூலம் மன்னிப்புப் பெற்றவர்கள் 306 பேர். அவர்களில் முதலாமவர் தாமஸ் ஹைகேட். போர் தொடங்கி ஐந்து வாரம்கூட முழுதாக ஆகாத 1914 செப்டம்பர் 8 அன்று சுட்டார்கள். கென்ட்டின் ஷோர்ஹாமில் அவர் பெயரைச் சேர்க்கலாமா என்ற கேள்வி 2000இல் வந்தபோது, ஊர்மன்றம் வேண்டாம் என்று முடிவு செய்தது. என் கருத்தைக் கேட்டால், சேர்த்திருக்க வேண்டும். குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், வீட்டில் பிள்ளையை இழந்தவர்களின் நிலை ஒன்றுதான்.

இந்தியப் படைவீரர்களின் பெயர்கள் எங்கே?

ஆங்கிலேய ஊர்ச் சர்ச்சில் பெரும்பாலும் இருக்காது. அது அந்த ஊர்க்காரர்களின் பட்டியல். பிரான்ஸின் நூவ் ஷாப்பெலில் 1927இல் திறந்த இந்திய நினைவுச் சின்னத்தில் 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. போரில் இறந்த இந்தியர்கள் ஏறக்குறைய 74,000 பேர்.

ஆனால் ஈராக்கில் 1929இல் எழுப்பிய பாஸ்ரா நினைவுச் சின்னத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர். இந்திய அதிகாரிகளுக்குப் பெயர். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் பட்டாளத்தின் பெயரும் எண்ணிக்கையும் மட்டும். எல்லாரும் சமம் என்று பிரான்ஸில் உறுதியாக நின்ற அதே ஆணையம் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அதைக் கைவிட்டது. 2021இல் ஆணையமே வெளியிட்ட அறிக்கை இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரைக்கும், பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று அது சொல்கிறது.

இதைத் தமிழ்நாட்டிலேயே பார்க்கலாம். வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்பது அதன் செய்தி. இந்தியாவின் பல ஊர்களில் இதே வாசகம், எண்கள் மட்டும் மாறும். அந்தப் 14 பேர் யார்? கல்லில் இல்லை. இங்கிலாந்தின் ஒரு சிற்றூர்ச் சர்ச்சில் பதினான்கு பேரின் பெயரையும் வாசித்துவிட்டு வேலூர்க் கல்லை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. இந்தியக் குடும்பங்களுக்கும் கடல் கடந்து கிடந்த உடல்தான். அவர்களுக்குப் பெயரும் கிடைக்கவில்லை.

நினைவு ஞாயிறு அன்று சர்ச்சில் என்ன நடக்கும்?

நவம்பரின் இரண்டாம் ஞாயிறு. பழைய படைவீரர்கள், சாரணர், ஊர்மன்றத்தார் எல்லாம் வருவார்கள். பலகை முன்னால் அல்லது வெளியே சிலுவைத் தூணருகே நிற்பார்கள். லாரன்ஸ் பின்யன் 1914 செப்டம்பரில் எழுதிய கவிதையின் நான்கு வரிகளை ஒருவர் சொல்வார். நமக்கு வரும் முதுமை அவர்களுக்கு வராது, பொழுது சாயும்போதும் விடியும்போதும் அவர்களை நினைப்போம் என்பது அதன் பொருள். ‘நினைப்போம்’ என்று முடியும் அந்தக் கடைசி அடியைக் கூட்டம் திருப்பிச் சொல்லும். அப்புறம் பியூகிள் என்ற ஊதுகுழலில் ‘லாஸ்ட் போஸ்ட்’ என்ற ராணுவ இசை. சரியாகப் பதினோரு மணிக்கு இரண்டு நிமிட மௌனம். பிறகு மறுபடி பியூகிள், மலர் வளையம், ஜெபம், தேசிய கீதம்.

இந்த மௌனம் 1919இல் தொடங்கியது. போர்க்காலத்தில் கேப்டவுனில் நாள்தோறும் நடுப்பகலில் ஊரே சற்று நின்று மௌனம் காத்ததைப் பார்த்திருந்த தென்னாப்பிரிக்க எழுத்தாளர் பெர்சி ஃபிட்ஸ்பாட்ரிக், அதை லண்டனுக்குப் பரிந்துரைத்தார். அரசர் ஐந்தாம் ஜார்ஜ் நாட்டு மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். முதலில் நவம்பர் 11 அன்றே கடைப்பிடித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் முக்கிய ஆராதனை ஞாயிறுக்கு மாறியது.

சில ஊர்களில் கொஹிமா வரிகளையும் சொல்வார்கள். ‘ஊருக்குத் திரும்பும்போது எங்களைப் பற்றிச் சொல்லுங்கள்; உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைக் கொடுத்தோம்’ என்ற பொருளில் வரும் அவை, 1944இல் நாகா மலைகளில் நடந்த போரின் நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டவை.

எனக்கு முக்கியமாகப் படுவது பெயர்களை வாசிக்கும் பகுதி. நேரம் போதாது என்று சில சர்ச்சுகள் அதை விட்டுவிடுகின்றன. பிரசங்கத்தை ஐந்து நிமிடம் குறைத்துக்கொள்ளலாம், பெயர்களை விடக்கூடாது. வாசிக்கிற முறை உங்களுக்கு வந்தால், முந்தைய நாளே போய் உச்சரிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு மூச்சு விடுங்கள். எங்கள் சர்ச்சில் ஒரு முறை பள்ளிப் பிள்ளைகளை வாசிக்க வைத்தார்கள். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தன்னைவிட மூன்று நான்கு வயதே மூத்தவர்களின் பெயரை வாசித்ததைக் கேட்ட பிறகு, வேறு யாரும் வாசிக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது.

நான் கிறிஸ்தவன் இல்லை. போகலாமா? பாப்பி குத்திக்கொள்ள வேண்டுமா?

தாராளமாகப் போகலாம். ஜெபத்தில் சேர வேண்டிய கட்டாயம் இல்லை; மௌனத்தின்போது அசையாமல் நின்றால் போதும், கைபேசியை அணைத்துவிடுங்கள்.

பாப்பி கட்டாயம் அல்ல. அமெரிக்காவின் மொய்னா மைக்கேலும் பிரான்ஸின் அன்னா கெராங்கும் பரப்பிய வழக்கத்தை 1921இல் முன்னாள் படைவீரர் அமைப்பான பிரிட்டிஷ் லீஜன் எடுத்துக்கொண்டது. அந்தக் காசு முன்னாள் படைவீரர்களுக்கும் குடும்பங்களுக்கும் போகிறது. 1933இல் கூட்டுறவுப் பெண்கள் சங்கம் வெள்ளைப் பாப்பியைக் கொண்டுவந்தது. போரே வேண்டாம் என்பவர்கள் அதை அணிவார்கள். அந்தச் சங்கத்தில் சேர்ந்தவர்களில் பலர் போரில் கணவனையோ மகனையோ இழந்த பெண்கள் என்பதை வெள்ளைப் பாப்பியைத் திட்டுகிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தேவாலயத்தில் இதெல்லாம் போரைப் புகழ்வது ஆகாதா?

சில இடங்களில் ஆகிவிடுகிறது. ‘ஒருவன் தன் சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிற அன்பிலும் அதிகமான அன்பு ஒருவரிடத்திலுமில்லை’ என்ற யோவான் 15:13 வசனம் ஏகப்பட்ட பலகைகளில் இருக்கிறது. பக்கத்தில் கிடந்தவனைக் காப்பாற்றப் போய் இறந்தவருக்கு அது பொருந்தும். கட்டாயத்தின் பேரில் போய், சேற்றில் காய்ச்சலில் செத்த பத்தொன்பது வயதுப் பையனைக் கிறிஸ்துவின் தியாகத்தோடு சேர்த்துச் சொல்வது எனக்கு உறுத்தும். அவன் உயிரைக் கொடுக்கவில்லை, அவனிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 1920இல் அந்த வசனத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவனுடைய பெற்றோர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும். பிள்ளை வீணாகச் சாகவில்லை என்று நம்ப அவர்களுக்கு ஏதோ ஒரு சொல் தேவைப்பட்டது. ஆகவே பலகையில் இருப்பதை அப்படியே விடலாம், பிரசங்கத்தில் மட்டும் கவனமாக இருக்கலாம் என்பது என் நிலை. கொடி, பேண்ட், வீரம் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பெயர்கள் காதில் விழும்.

பித்தளைத் தகடு கறுத்துப்போயிருக்கிறது. தேய்த்துச் சுத்தம் செய்யலாமா?

கூடாது. பாலிஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்க எழுத்து தேய்ந்துபோகும். நல்லெண்ணத்தால் அழிந்த தகடுகள் நிறைய. கல்லுக்கு பிளீச்சும் உயர் அழுத்தத் தண்ணீரும் ஆகவே ஆகாது. 1997இல் தொடங்கிய வார் மெமோரியல்ஸ் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை ஆலோசனையும் சில நேரம் நிதியும் தருகிறது. வார்டனைக் கூட்டிக்கொண்டு அவர்களைக் கேளுங்கள்.

ஒரு பெயரைப் பற்றித் தெரிந்துகொள்ள எங்கே தேடுவது?

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம்; காசு இல்லை. கல்லறை எந்த நாட்டில், எந்த வரிசையில் என்று வரும். பெயர் பொதுவானதாக இருந்தால் பட்டாளத்தையும் இறந்த ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் நினைவுச் சின்னப் பதிவேட்டில் 90,000க்கும் மேற்பட்ட சின்னங்கள் இருக்கின்றன. உங்கள் ஊர்த் தேவாலயத்தையும் அதில் தேடலாம்.

தேடும்போது சில பெயர்களுக்கு எதிரே ‘மெட்ராஸ் 1914–1918 போர் நினைவுச் சின்னம், சென்னை’ என்று வரக்கூடும். அது நந்தம்பாக்கத்தில், மவுண்ட் – பூந்தமல்லி சாலையில் இருக்கும் மெட்ராஸ் போர்க் கல்லறைக்குள் இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்து, இந்தியாவில் பராமரிக்க முடியாமல் போன கல்லறைகளில் கிடக்கும் 1,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் உண்டு. உங்கள் ஆங்கிலேய ஊரின் பலகையில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை சென்னைக்குப் போகும்போது அந்தப் பெயரைப் படம் எடுத்துவந்து சர்ச்சில் கொடுங்கள். அவருடைய குடும்பத்தில் அநேகமாக யாரும் அதை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள்.